கடைமடைக்கும் பாய வேண்டும்

சைக்கிள், உடற்பயிற்சி, கேமரா மூன்றும் ஒரே விடியற்காலையைத்தான் கேட்கின்றன. சைக்கிளுக்கு வெயில் ஏறும் முன்பே, கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் முன்பே சாலை வேண்டும். உடற்பயிற்சிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் வேண்டும். கேமராவுக்குச் சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கிற வெளிச்சம் வேண்டும். நாலாவதாக வீடு இருக்கிறது. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவது, பால் வாங்குவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, அம்மாவுக்குச் சர்க்கரை அளவு பார்த்து மாத்திரை கொடுப்பது, மகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாமே ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் நடந்தாக வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகரான திருமுல்லைவாயிலில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்ட் வரும். இந்த வாழ்க்கைக்கு நடுவில்தான் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும் ஆசையும், பறவைகளைப் படமெடுக்கும் ஆசையும் எனக்குள் வேர்விட்டு வளர்ந்தன. என்னைப் போல ஆறு நாள் வேலையும் கூட்டுக் குடும்பமும் உள்ளவர்கள் ஆவடியிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கற்றுக்கொண்டது அவர்களில் ஒருவருக்காவது உதவும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதலில் சைக்கிளைச் சொல்கிறேன். எங்கள் பகுதிக்குச் சைக்கிள் வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்கு கிடையாது. 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் வளர்ந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டு வீடுகளின் திண்ணையோரம் சாய்ந்து நின்ற எத்தனையோ சைக்கிள்களுக்கு இதுதான் பிறந்த ஊர். அப்புறம் 1961-இல் ஆவடியில் டாங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலையும், பாடியில் வாகன உதிரிபாக ஆலைகளும், 1960-களில் தொழிற்பேட்டையும் வந்தன. அந்தக் காலத்தில் ஷிப்ட் விடும் நேரத்தில் இந்த ஆலைகளின் வாசலிலிருந்து சைக்கிள்கள் அணி அணியாக வெளியே வரும். என் அப்பாவும் அந்த வரிசையில் வந்தவர்தான். ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஆட, வேட்டியோ பேண்டோ செயினில் மாட்டாமல் கிளிப் போட்டுக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் ஓட்டினார். அவர் அதை உடற்பயிற்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நின்று பார்த்தால், கேரியரில் சாப்பாட்டுப் பையோடு எஸ்டேட்டுக்கு மிதித்துப் போகிற தொழிலாளர்களைப் பார்க்கலாம். தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம் என்று பல மொழிக்காரர்கள். ஹெல்மெட்டும் ஜெர்சியும் போட்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போகும் எங்களை விட, வாரத்தில் அதிகத் தூரம் மிதிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தொடர்ந்து கவனித்த பிறகுதான் எனக்கு முதல் தெளிவு வந்தது. அன்றாடத்துக்கு வெளியே நேரம் தேடுவதற்கு முன்னால், அன்றாடத்துக்குள்ளேயே சைக்கிளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஆறேழு கிலோமீட்டர். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பைக்கில் போனாலும் சிக்னலும் நெரிசலும் சேர்ந்து இருபது நிமிடம் ஆகிவிடும். உள்தெருக்கள் வழியாகச் சைக்கிளில் போனால் இருபத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடம் மட்டுமே கூடுதல். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து, வாரத்தில் ஆறு நாள் என்று கணக்குப் போட்டால் 300 நிமிடம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. அதன் மேல் எல்லையை, விடியற்காலையில் ஒரு நிமிடம்கூட எடுக்காமல், வேலைக்குப் போய் வருவதிலேயே தொட்டுவிடலாம்.

இது ஒரு பெரிய விடுதலை. உடல்நலம் என்பது எங்கள் வீட்டில் ஆடம்பரப் பேச்சு அல்ல. அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இதயத்தில் பிரச்சினை வந்தது, அதுவும் ஓய்வு பெற்று, சைக்கிளை ஓரம் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்த வருடங்களில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணித்தது. அந்தக் கோடிகளில் ஒரு முகம் எங்கள் வீட்டு ஹாலில் தினமும் விரலில் ஊசி குத்திக்கொள்கிறது. எனக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்ற பயம் நாற்பதைத் தாண்டிய நாள் முதல் என்னோடு இருக்கிறது. நான் சைக்கிளை எடுத்ததற்கு ஆசை பாதி, இந்தப் பயம் பாதி.

1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, உடல் உழைப்பைப் பற்றிய அறிவியலில் ஒரு திருப்பம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே ஊர். இருக்கை மட்டும்தான் வேறு. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்கள் இல்லை. அவர்களுடைய வேலையே அவர்களைக் காத்தது. இதைப் படித்தபோது எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார்.

அடிப்படை உடல்நலத்துக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் ஆசை அதோடு அடங்குவதில்லை. எனக்கு 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், 300 ஓட்ட வேண்டும். கூழைக்கடா தண்ணீரிலிருந்து எழும்பும் அந்த நொடியைப் பிடிக்க வேண்டும். முழங்கால் வலிக்காமல் இருக்கத் தொடையையும் இடுப்பையும் பலப்படுத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் விடியற்காலையை விட்டால் வழியில்லை.

எல்லோரும் சொல்லும் அறிவுரை, தினமும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் ஒதுக்கு என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. செய்து பார்த்தால், சைக்கிளும் கேமராவும் ஒரே காலையில் ஒன்றாக வாழாதவை என்பது புரியும். சைக்கிளுக்குத் தாளம் வேண்டும். ஒரே சீராக மிதித்து, மூச்சு ஒரு கட்டுக்குள் வந்து, உடல் சூடேறிய பிறகுதான் தூரம் கைக்கு வரும். கேமராவுக்கு நிற்க வேண்டும். காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஏரிக்கரையில் அசையாமல் உட்கார்ந்தால்தான் தாழைக்கோழி நம்மை மறந்து கோரைக்குள்ளிருந்து வெளியே வரும். வேகமாக மிதித்துவிட்டு இறங்கியவுடன் கேமராவை எடுத்தால், இதயத் துடிப்பு விரல் வரை வந்து அடிக்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க, குறைந்தது நொடியில் 300-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய விதி. மூச்சு வாங்கும் கைக்கு அது போதாது. ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போக வேண்டும். விடியற்காலை வெளிச்சத்தில் அந்த வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

வெளிச்சமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. வெளிநாட்டுப் புகைப்படப் புத்தகங்கள் சூரியன் உதித்த பிறகு ஒரு மணி நேரம் பொன்னொளி இருக்கும் என்று எழுதுகின்றன. லண்டனில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் 15 டிகிரி உயரத்தைத்தான் தொடும். அங்கே அது சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே மேலேறும். ஆறு டிகிரி உயர அரை மணி நேரம்கூட எடுப்பதில்லை. பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் செம்பொன்னாக இருக்கும் நேரம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெள்ளைக் கொக்கின் முதுகில் விழும் வெளிச்சம் இறகின் வரிகளையெல்லாம் அழித்துவிடும். அந்த அரை மணி நேரத்தைத் தவறவிட்டால், அன்றைய காலை முடிந்தது.

இந்த நெருக்கடிக்கு விடை எனக்கு எங்கள் ஊர் ஏரிகளிலிருந்தே கிடைத்தது. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, திருநின்றவூர், செம்பரம்பாக்கம் என்று இந்தப் பக்கம் முழுவதும் ஏரி நாடு. இன்று சென்னைக்குக் குடிநீராகவும் கரையில் நடைபாதையாகவும் தெரிகிற ஏரிகளில் பல, ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்தவை. என் தாத்தா திருநின்றவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும், யாருக்கும் கவலையில்லை. தண்ணீர் குறையும்போது, அதைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி மண்வெட்டியோடு வருவார். முறை வைப்பார். இன்று இந்த வயல், அடுத்து அந்த வயல் என்று ஒவ்வொன்றுக்கும் முழு வாய்க்கால் தண்ணீரையும் திருப்பிவிடுவார். எல்லா மடையையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்துவிட்டால், வாய்க்கால் மண்ணே தண்ணீரைக் குடித்துவிடும், கடைமடை வயல் காய்ந்து போகும் என்று தாத்தா சொல்வார்.

என் விடியற்காலையும் வற்றிய ஏரித் தண்ணீர்தான். அதைத் தினமும் நாலாகப் பங்கு போட்டால் எதற்கும் எட்டாது. முறை வைத்தால் எல்லாவற்றுக்கும் எட்டும். அன்றிலிருந்து என் கணக்கை நாளிலிருந்து மாதத்துக்கு மாற்றினேன். எந்தப் பருவம் எதற்கு என்பதை இந்த ஊரின் காற்றும் மழையும் பள்ளி நாட்காட்டியும் சேர்ந்தே தீர்மானித்துக் கொடுத்தன.

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் மழை மாதங்கள். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அப்போதுதான். அம்பத்தூர்த் தெருக்களில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் எது, மூடி திறந்த சாக்கடை எது என்று தெரியாது. அந்த மாதங்களில் நெடுந்தூரப் பயணம் இல்லை. வேலைக்குச் சைக்கிள், அதுவும் மழை விட்ட நாட்களில். விடியற்காலை முழுவதும் உடற்பயிற்சிக்கு. பாயை விரித்து உட்கார்ந்து எழுவது, தண்டால், பிளாங்க், ஒரு காலில் நிற்பது. கருவி எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பாதி அது. சைக்கிள் காலுக்கு வேலை கொடுக்கும், தோளையும் முதுகையும் அப்படியே விட்டுவிடும். இந்த இரண்டு மாதப் பயிற்சிதான் வருடம் முழுவதும் என் முழங்காலைத் தாங்குகிறது.

மார்கழி, தை, மாசி கேமராவின் முறை. மழையில் ஏரிகள் நிரம்பியிருக்கும். செம்பரம்பாக்கம் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்டது. நிறைந்து நிற்கும் தை மாதத்தில் அதன் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. நத்தைகுத்தி நாரைகள், நீர்க்காகங்கள், முக்குளிப்பான்கள் எப்போதும் இருப்பவை. அவற்றோடு வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வாலாட்டிகளும் வந்து சேரும் காலம் இது. ஜனவரிக் கடைசியில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். அதனால் ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு, பால் வாங்கி வைத்து, காய் நறுக்கிக் கொடுத்துவிட்டே சைக்கிளில் பருத்திப்பட்டுக்குப் போய்ச் சேரலாம். போவது மெதுவாக. வேகம் அந்தப் பருவத்தின் வேலை அல்ல. ஓர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஏழேகாலுக்குள் வீடு திரும்பிவிடுவேன். செம்பரம்பாக்கம் போன்ற தூரமான இடங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு.

படமெடுப்பதில் நமக்கு நீண்ட மரபு உண்டு. சென்னையில் 1850-களிலேயே மெட்ராஸ் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. புகைப்படக்கலை உலகுக்கு அறிமுகமாகி இருபது வருடம்கூட ஆகாத காலம் அது. அன்றைக்குப் படமெடுத்தவர்கள் பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் சுமந்து போக வேண்டியிருந்தது. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர்கள் யோசித்தாக வேண்டும். அந்த நிதானம் எனக்கும் பிடிக்கும். பத்து நொடியில் நூறு படம் எடுக்க இன்றைய கேமரா தயாராக இருக்கிறது. எடுத்தால் அதைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, அழிக்க இரவில் ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே குறைவாக எடுக்கிறேன். குறைவாக எடுப்பதால் பறவையை அதிக நேரம் பார்க்கிறேன். கூழைக்கடா எழும்புவதற்கு முன் இரண்டு கால்களாலும் தண்ணீரை ஒருசேர உதைக்கிறது என்பதை நான் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது.

பங்குனி, சித்திரை, வைகாசி வீட்டின் முறை. பொதுத் தேர்வு, ஆண்டுத் தேர்வு, விடுமுறை, கல்யாண முகூர்த்தங்கள், ஊர்த் திருவிழா எல்லாம் இந்த மாதங்களில்தான். வெயிலும் காலை எட்டு மணிக்கே முதுகைச் சுடும். வேலைக்குப் போய் வருவதோடு சைக்கிளை நிறுத்திக்கொள்கிறேன். மோரும் கேழ்வரகுக் கூழுமாக உடலைக் காப்பாற்றுவதே அப்போதைய உடற்பயிற்சி. குளிர்காலத்தில் எடுத்த படங்களை மகளோடு உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பது இந்த விடுமுறையில்தான். அவள் கண் என் கண்ணை விடக் கூர்மை. “அப்பா, இதுல பறவை நல்லாருக்கு, பின்னாடி பிளாஸ்டிக் கவர் மிதக்குது பாருங்க” என்பாள். அந்தக் கவர்களையும் படமெடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். இப்போது ஏரிகளின் அந்தப் பக்கத்தையும் எடுக்கிறேன்.

ஆனி முதல் புரட்டாசி வரை நெடுந்தூரத்தின் முறை. ஜூன் நடுவில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். வெளிச்சத்தில் ஓட்டக் கூடுதலாக முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. மேற்கிலிருந்து ஆடிக் காற்று வீசும். ஆவடியிலிருந்து திருவள்ளூர் பக்கம் போகும்போது எதிர்காற்று நெஞ்சில் தள்ளும். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மேற்குப் புறநகரில் வாழ்பவர்களுக்கு ஆடி மாதம் தரும் சலுகை இது. பூண்டி நீர்த்தேக்கம் வரை போய்வரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நான் வருடம் முழுக்க ஏங்குவேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நெமிலிச்சேரியைத் தாண்டி, வீடுகள் குறைந்து, வயல்கள் தொடங்கும் அந்த இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது.

நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் எந்த முறையும் கிடையாது. அந்த வாரம் தூக்கத்தின் முறை. தூக்கம் கெட்ட கண்ணோடு நெடுஞ்சாலையில் இரண்டு சக்கரத்தில் போவது, குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை, என் ஆசையோடும்கூட.

இந்த முறையில் ஒரு பெரிய பங்குதாரர் என் மனைவி. அவருக்கு ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிய வந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் சைக்கிள் குழுவில் ஆண்களே பெரும்பான்மையாக இருப்பதற்கான காரணம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ஒரு குடும்பத் தலைவன் ஞாயிறு காலை ஐந்து மணி நேரம் சாலையில் இருக்கிறான் என்றால், அந்த ஐந்து மணி நேரத்தை வீட்டில் யாரோ தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனைவி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, அந்த மாவட்டத்துக் கிராமப்புறப் பெண்களுக்குப் பெரிய அளவில் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. என் மாமியாரும் அப்போது கற்றுக்கொண்டவர். “பஸ்ஸுக்காகவும் நிக்க வேண்டாம், உங்க மாமாவுக்காகவும் நிக்க வேண்டாம்னு ஆச்சு மாப்பிள்ளை. அதுக்கப்புறம்தான் எனக்குன்னு நேரம்னு ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது” என்று ஒருமுறை சொன்னார். அவர் வாழ்க்கையில் சைக்கிள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை, கொடுத்தது. என் சைக்கிள் இந்த வீட்டில் யாருக்காவது நேரம் கொடுக்கிறதா என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை அதன் பிறகு என் மனைவிக்கு உரியதாயிற்று. அவர் தோழிகளோடு ஏரிக்கரைப் பூங்காவில் நடந்துவிட்டு, சில நாள் கோயிலுக்கும் போய்விட்டு வருவார். இட்லி ஊற்றுவது, சட்னி அரைப்பது, அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. ரேஷன், மருந்துக் கடை, மாவு மில், இஸ்திரி என்று தெருவைத் தாண்டிய வேலைகள் எல்லாம் என் சைக்கிள் கேரியருக்கு வந்தன. மகளுக்கு பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் வந்த பிறகு, மாலை டியூஷனுக்கு அவளும் நானும் சேர்ந்தே மிதித்துப் போகிறோம். மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு உட்கார்ந்து அந்த மாதத்தின் ஞாயிறுகளைப் பேசி முடிவு செய்கிறோம். “என்னங்க, மூணாவது ஞாயிறு சீமந்தம் இருக்கு, நாலாவது வேணா போயிட்டு வாங்க” என்று அவர் சொன்னால் அது உறுதி. முன்கூட்டிப் பேசிக் கொடுக்கப்பட்ட அந்த ஞாயிற்றில் ஓட்டும்போது மனசில் பாரமே இருப்பதில்லை.

இனி என் நெஞ்சில் இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பாரிஸ் போக ஆசை. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்ற கடலோர ஊர் வரை போய் மீண்டும் பாரிஸ் பக்கமே திரும்பும் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்று உண்டு. 1891-இல் தொடங்கியது. இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். உலகெங்கும் அமெச்சூர் நெடுந்தூரச் சைக்கிள்காரர்களுக்கு அதுதான் காசி யாத்திரை. அதற்குத் தகுதி பெற, அதற்கு முந்தைய மாதங்களில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முறையே பதிமூன்றரை, 20, 27, 40 மணி நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். சென்னையிலேயே மெட்ராஸ் ராண்டனர்ஸ் அமைப்பு இவற்றை நடத்துகிறது. 200-ஐயும் 300-ஐயும் நான் ஓட்டியிருக்கிறேன். இரவு முழுவதும் சாலையில் கழிந்து, ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு டீக்கடையில் விடிந்த அந்தக் காலையை என் வாழ்வின் மிகச் சிறந்த காலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

அடுத்த பாரிஸ் பயணம் 2027 ஆகஸ்டில். என் மகளுக்கு 2027 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத் தேர்வு. தகுதிப் பயணங்கள் எல்லாம் 2026 நவம்பரில் தொடங்கி 2027 நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும். சரியாக அவள் படிக்கும் மாதங்கள், தேர்வு மாதங்கள், கல்லூரிக்கு அலையும் மாதங்கள். 600 கிலோமீட்டர் என்றால் சனி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது. சனிக்கிழமையும் வேலை நாளாக உள்ள எனக்கு அதற்கு விடுப்பு வேண்டும், பிறகு உடல் தேற இரண்டு நாள் வேண்டும். என்னோடு ஓட்டியவர்களில் சிலர் 2027-க்காக இப்போதே தயாராகிறார்கள். அவர்களுடைய பயண விவரங்களைப் பார்க்கும் இரவுகளில் எனக்கு வலிக்கிறது. இந்த வலியை மறைத்து, நான் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் முறை என்பதை நம்புகிறவன் இதையும் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். 2027 அவளுடைய முறை. 2031-இல் அந்தப் பயணம் மறுபடி வரும். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது இருக்கும். எழுபதைத் தாண்டியவர்களும் அதில் ஓட்டுகிறார்கள். அதுவரை வேலைக்குச் சைக்கிளில் போவதை நிறுத்தாமல், மழை மாதங்களில் உடலைப் பலப்படுத்துவதை விடாமல் இருந்தால், 2031-இல் என் கால்கள் எனக்குத் துணை நிற்கும். அன்றாடத்தின் 300 நிமிடங்கள் அந்தத் தொலைதூரத்துக்குப் போடும் மாதச் சீட்டு.

இந்த ஆசைகளை இப்போதுதான் தொடங்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். விலை உயர்ந்த சைக்கிளும் லென்ஸும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கிற சைக்கிளில் ஒரு மாதம் வேலைக்குப் போய்ப் பாருங்கள். இந்த மாதம் எதன் முறை என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்கு விடியற்காலையை முழுதாகக் கொடுங்கள். மற்றவை காத்திருக்கும், அவற்றின் மாதம் கட்டாயம் வரும். உங்கள் வீட்டில் நீங்கள் இல்லாத நேரத்தைத் தாங்குபவர் யார் என்று பார்த்து, அவருடைய விடியற்காலையையும் நாட்காட்டியில் முதலில் எழுதுங்கள். தள்ளிப்போட்ட ஆசைக்கு ஒரு வருடத்தைக் குறித்து வையுங்கள். என் வீட்டு நாட்காட்டிக்குப் பின்னால், என் மகளின் கையெழுத்தில், 2031 என்று எழுதியிருக்கிறது.